போக்யம் தாரகமாகிற இடம்

'போதை' என்ற சொல்லை நாம் எவற்றுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதைவிட எவற்றுக்குப் பயன்படுத்த மறுக்கிறோம் என்று கவனித்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன. கள் போதை. கஞ்சா போதை. மூக்குப்பொடி வெறும் பழக்கம். சுருட்டு, ஊர் திருச்சியானால், கொஞ்சம் பெருமையும்கூட. வெற்றிலை பாக்கோ மங்கலம். இந்த வரிசையில் நகர நகர மாறுவது பொருளின் குணம் மட்டுமல்ல, அதைக் கையில் வைத்திருப்பவரின் அந்தஸ்தும்தான். சட்டமும் ஏறத்தாழ இதே கண்ணோடுதான் பார்க்கிறது. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூக்கும் காய்க்கும் நுனிகளைக் குற்றமாக்கிவிட்டு, தனியாகக் கிள்ளிய இலையை அந்த வரையறைக்கு வெளியே விட்டது. இலையில் வீரியம் குறைவு என்பது உண்மை. ஆனாலும் கோடு சரியாக அந்த இடத்தில் விழுந்ததற்கு வட இந்தியாவின் ஹோலிப் பாங்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கஞ்சாவைப் பற்றிப் பேசினால் நம் வட்டத்தில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வெற்றிலை பாக்கு. அதில் யாருக்கும் யாருடனும் சண்டையில்லை என்பதாலேயே அதில் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா ஸ்ரீரங்கத்தில் அத்யாபக கோஷ்டியில் இருந்தவர். நாலாயிரமும் பாடம். அவருக்கு இடதுபுறம் எப்போதும் ஒரு பித்தளைச் செல்லப்பெட்டி இருக்கும். அதற்குள் பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை. வயதாகிப் பல் ஆடத் தொடங்கியதும் ஒரு சின்ன இரும்பு உரலும் சேர்ந்துகொண்டது. அதில் இடித்துக் கொடுப்பது என் வேலை. புகையிலையை அவர் கடைசிவரை தொட்டதில்லை. இதை அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வார். "நான் என்ன புகையிலையாடா போடறேன்? பெருமாளுக்கு அமுது செய்யறதைத்தானே நானும் போட்டுக்கறேன்?" சித்த வைத்தியத்தில் சொல்வதுபோல் முதல் ஊறல் நஞ்சு, இரண்டாவது பித்தம், மூன்றாவதுதான் அமுதம் என்பதும் அவருக்குத் தெரியும். முதல் இரண்டையும் துப்பிவிடுவார். நஞ்சு என்று மரபே ஒத்துக்கொண்டுவிட்டு, அதைத் துப்புகிற ஒழுங்கில் சமாதானம் கண்டிருப்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

1999இல் அவருக்குக் காரம் தாங்காமல் போயிற்று. ரசம் சாதம் வாயில் வைத்தால் எரியும் என்றார். பெரியம்மா மிளகைக் குறைத்தாள். அடுத்த வருஷம் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் கயிறுபோல் இறுகியிருந்தது. பிறகு வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. சாதாரணமாக மூன்று விரலாவது நுழைய வேண்டும். 'ஆ'காரத்தில் எழும் பாசுரங்கள் அவர் தொண்டையிலிருந்து கிளம்பிப் பற்களுக்குப் பின்னால் நின்றுவிட்டன. கோஷ்டியில் பின்வரிசைக்குப் போனார். பிறகு போவதை நிறுத்திக்கொண்டார்.

இந்த வியாதிக்கு வாய்ச்சளிச்சவ்வு நார்மை என்று சொல்லலாம். 1952இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதை ஷ்வார்ட்ஸ் என்பவர் முதலில் விவரித்தார். காரணம் வெற்றிலையல்ல, பாக்கு. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற ஆல்கலாய்டு, நரம்புகள் தம்முள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் அசெட்டைல்கோலின் மாதிரி நடிக்கிறது. உடம்பு லேசாகச் சூடாகும், வியர்க்கும், எச்சில் ஊறும், மனசு விழித்துக்கொள்ளும். சுண்ணாம்பின் காரம் அதை வாயின் தோல்வழியே எளிதாக உள்ளே அனுப்புகிறது. இந்தச் சுறுசுறுப்புக்கு விலை வேறொரு இடத்தில் எழுதப்படுகிறது. கன்னத்துத் திசுவில் நார் உற்பத்தி கூடுகிறது. பாக்கிலிருக்கும் செம்பு அந்த நார்களை ஒன்றோடொன்று முறுக்கி, கரையவிடாமல் செய்கிறது. பாக்கை நிறுத்தினாலும் இறுகியது இளகுவதில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளை 17 வருஷம் தொடர்ந்து பார்த்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்று வந்திருந்தது.

இனி அந்தப் பாசுரத்துக்கு வருகிறேன். திருவாய்மொழி ஆறாம் பத்தில், திருக்கோளூருக்குக் கிளம்பிப் போய்விட்ட மகளைப் பற்றித் தாய் பேசுகிற இடம். சோறு, நீர், வெற்றிலை என மூன்றைச் சொல்லி, இம்மூன்றும் அவளுக்கு அவனே என்கிறார் நம்மாழ்வார். வெற்றிலை இங்கே ஏன் வந்தது? நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு வழியாக வரும் வியாக்கியான மரபு, இந்த மூன்றையும் தாரகம், போஷகம், போக்யம் என்று பிரிக்கிறது. தாரகம் உயிரைத் தாங்குவது. போஷகம் வளர்ப்பது. போக்யம் இனிமைக்காக உள்ளது. இல்லாவிட்டாலும் உயிர் போகாது. வெற்றிலை மூன்றாவது வகை. மனிதன் உட்கொள்கிறவற்றை இவ்வளவு கச்சிதமாக வகைப்படுத்திய வேறு பாகுபாட்டை நான் மருத்துவப் புத்தகங்களிலும் பார்க்கவில்லை. மருத்துவத்தில் சத்து உண்டு, விஷம் உண்டு. போக்யத்துக்கு அதில் இடமில்லை.

இந்த வகைப்பாட்டை வைத்துக்கொண்டு பார்த்தால், அடிமைத்தனம் என்று நாம் தளர்வாகச் சொல்வதற்கு ஒரு வரையறை கிடைக்கிறது. போக்யமாக வந்த ஒன்று தாரகமாகிவிடுவதுதான் அது. காலையில் அது வாயில் விழும்வரை நாள் தொடங்காது. இனிமை எப்போதோ கழன்று போயிருக்கும், தாங்குகிற வேலை மட்டும் மிஞ்சியிருக்கும். பெரியப்பாவைக் கடைசி வருஷங்களில் பார்த்திருக்கிறேன். பாக்கு அவருக்கு ருசிக்கவில்லை, எரிந்தது. எரிய எரியப் போட்டுக்கொண்டார். அதை யாராவது போக்யம் என்பார்களா?

அவரிடமே ஒருமுறை இதைச் சொன்னேன், இளைஞனுக்குரிய கெட்டிக்காரத்தனத்துடன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இறுகிய வாயால், "அவளுக்கு மூணும் அவன். எனக்கு மூணும் இதுதான்டா" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. அந்த முகத்தில் சிரிப்புக்கு இடம் போதவில்லை.

அந்த வாக்கியம் எனக்கு இன்றுவரை தொந்தரவாக இருக்கிறது. பாசுரத்தில் மூன்றும் ஒன்றாவது பக்தியின் உச்சம். பெரியப்பாவிடம் மூன்றும் ஒன்றானது வியாதி. அமைப்பு இரண்டிலும் ஒன்றுதானே? ஒருவனைத் தவிர வேறெதுவும் வேண்டாத அவளையும், ஒரு கொட்டையைத் தவிர வேறெதுவும் வேண்டாத இவரையும் எந்தத் தளத்தில் பிரிப்பது? பொருள் உயர்ந்தது, தாழ்ந்தது என்பது எளிய பதில். எனக்கு அது போதவில்லை. அவள் ஊரைவிட்டு நடந்து வெளியே போகிறாள். அவளைப் பற்றி மற்றவர்கள் பேசிப் பேசி ஒரு பதிகமே நிறைகிறது. பெரியப்பாவின் உலகம் செல்லப்பெட்டியின் அளவுக்குச் சுருங்கியது. அவரைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒன்றிலேயே நிலைத்தல் என்பதில் விரிவதும் உண்டு, சுருங்குவதும் உண்டு என்பதற்குமேல் என்னால் இப்போது போக முடியவில்லை.

'நம்முடையது, இயற்கையானது' என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். புகையிலை போர்த்துகீசியரோடு 16ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆழ்வாரின் தாம்பூலத்தில் அது இல்லை. எனவே கேடெல்லாம் அந்நிய இலையுடையது, நம் வெற்றிலை பாக்கு நிரபராதி என்று ஒரு கதை சொல்ல வசதி இருந்தது. இந்த வசதிக்கு விஞ்ஞானமே கொஞ்ச காலம் இடம் கொடுத்தது. தெற்குத் திருவிதாங்கூரில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வாய்ப்புற்று குவிந்து வருவதை டாக்டர்கள் வெகுகாலம் முன்பே கண்டார்கள். பென்டால் 1908இல் 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தை எழுதினார். ஆர் என்பவர் 1933இல் லான்செட்டில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். அப்படியிருந்தும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைத்தான் புற்று தருவது என்று தீர்மானித்தது. புகையிலை சேராததற்குச் சான்று போதாது என்றது. பெரியப்பா நிரபராதி என்று நம்பிய வருஷங்கள் இவை. புகையிலையே கலக்காமல் பாக்கு மெல்லும் தைவான்காரர்களின் கன்னங்களும் சாட்சி சொன்ன பிறகு, 2004இல் வெளியான தொகுதியில் பாக்கு தனியாகவே புற்றுக்குக் காரணம் என்று முடிவாயிற்று. இயற்கை எந்த வாக்குறுதியும் கொடுத்ததில்லை. ஊமத்தையும் இயற்கைதான், வேலியோரத்தில்தான் பூக்கிறது.

டாக்டர்கள் என்ன செய்தார்கள்? பெரியப்பாவைப் பார்த்த டாக்டர் நல்ல மனிதர், சுருக்கமானவர். "பாக்கை விட்டுடுங்க சார்" என்றார். கன்னத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஐஸ் குச்சிகளைப் பல்லிடுக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டி, வாயைத் திறக்கப் பழகச் சொன்னார். உரத்த குரலில் சந்தை சொல்லிக்கொடுத்த கிழவர் கூடத்துத் தூணோரம் குச்சிகளைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது சரியான சிகிச்சைதான். இன்றைக்கும் இதில் பெரிய மாற்றமில்லை, மிக இறுகியவற்றுக்கு அறுவை உண்டு என்பதைத் தவிர. குறை சொல்ல வேண்டியது 'விட்டுடுங்க' என்ற சொல்லைத்தான். ஒரு போக்யத்தை விடச் சொல்லலாம். தாரகத்தை விடச் சொல்வது சோற்றை விடச் சொல்வது போல. அவர் விட்டார், ஆறு வாரம். தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை. எல்லாவற்றையும்விட, மனசு ஒரு பாசுரத்தில் இரண்டடிக்குமேல் நிற்கவில்லை என்றார். அது நடிப்பு என்று பெரியம்மா நினைத்தாள். நானும் நினைத்தேன். அரிகோலின், நிக்கோடின் சென்று பிடிக்கும் அதே ஏற்பிகளையே பிடிக்கிறது என்று ப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2015இல் காட்டினார்கள். அதைப் படித்தபோதுதான் அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது.

புகையிலைக்காரனுக்கு நிக்கோடின் பசை இருக்கிறது, வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. தாரகத்தைப் பிடுங்காமல், கெடுதல் குறைந்த இன்னொரு தாரகத்தைக் கொடுத்துப் பிறகு மெல்லக் குறைக்கிற வழி அது. வாய்திறக்காதவனுக்கு மெல்லும் பசையைக் கொடுப்பதில் ஒரு கேலி இருக்கிறது, ஆனால் அது வேறு. பாக்குக்காரனுக்கென்று அப்படி நிலைபெற்ற மருந்து ஒன்றுமில்லை. தைவானில் மனச்சோர்வுக்கான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஒரு சோதனை கொஞ்சம் நம்பிக்கை தந்தது. உலகில் புகையிலை, மது, காபிக்கு அடுத்து அதிகம் பேர் கைக்கொள்ளும் பொருள் பாக்கு என்று கணக்கிடுகிறார்கள். அதற்கு இவ்வளவுதான் வைத்தியம். போதை என்ற பெயர் கிடைக்காத பொருளுக்கு வைத்தியத்தின் கவனமும் கிடைக்காது. 2013இல் தமிழ்நாட்டில் குட்காவைத் தடை செய்தபோதும், தட்டில் வைத்துக் கொடுக்கிற பாக்கு தொடப்படாமலே இருந்தது.

ஆக, டாக்டர் அதைப் போக்யமாக நினைத்து விடச் சொன்னார். விருந்துக்கு அழைத்தவர்களும் போக்யமாகவே நினைத்து, 'வெத்தலைதானே' என்று தட்டை நீட்டினார்கள். எதிரெதிரே நிற்கிற இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்தார்கள்.

மூன்றாவதாக நாம். நம் பத்திரிகைகளில் கவிதை எழுதுகிற நண்பர்கள் சிலர் கஞ்சா பிரக்ஞையின் கதவைத் திறக்கிறது என்று ஒரு காலத்தில் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். அதைத் தனிமனிதச் சுதந்திரம் என்கிறார்கள். கதவு திறக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்குப் புரிந்தவரை சுதந்திரம் என்ற சொல் போக்யத்துக்குத்தான் பொருந்தும். வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது வைத்துவிடுகிற இடத்தில்தான் அது உயிரோடு இருக்கிறது. கஞ்சாவை ருசி பார்ப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்குள் மாட்டிக்கொள்கிறார். குடும்பத்தில் மனநோய் இருப்பவருக்கு அபாயம் இன்னும் கூடுதல். மாட்டிக்கொண்ட பிறகும் ஒருவர் தன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினால், அது அவருடைய பேச்சா, இலையின் பேச்சா? எழுத்து நின்றுபோன ஒரு நண்பரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவர் படித்தால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், அதற்காவது ஒரு கடிதம் எழுதுவார்.

பாலத்தைத் தாண்டி உறையூருக்குப் போனால் இந்த வகைப்பாடு தலைகீழாகிறது. திருச்சிச் சுருட்டு உருண்டு வந்த இடம் அது. கோனன் டாயில் 1887இல் எழுதிய முதல் ஹோம்ஸ் கதையில் துப்பறிகிறவர் சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்கிறார். உலகம் புகழ்ந்த அந்தச் சாம்பலுக்குப் பின்னால், தரையில் மணைபோட்டு உட்கார்ந்து ஈரப் புகையிலையை நாள் முழுக்க உள்ளங்கையால் உருட்டியவர்கள் இருந்தார்கள். நிக்கோடின் தோல்வழியாகவே உள்ளே போகும். புகைக்காமலே தலைசுற்றலும் குமட்டலும் வரும். எண்ணிக்கைக்குக் கூலி. தொழில் நலிந்து இப்போது சில இடங்களே மிச்சம். லண்டனில் யாருக்கோ போக்யம், இங்கே இவர்களுக்குச் சொல்லின் நேர்ப்பொருளிலேயே தாரகம், அரிசி. காவிரிக் கரையில் தொட்டியம் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவனிடம் போய் வெற்றிலை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அவனுடைய தாரகத்துக்கு மாற்று கொடுக்காமல் அதைச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. தைவானில் பாக்கு மரத்தை வெட்டிவிட்டு வேறு பயிர் வைப்பவனுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அங்கே யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

என் கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. ஆறு வாரத்துக்குப் பிறகு பெரியம்மா செல்லப்பெட்டியைப் பரணில் ஏற்றிப் பூட்டிவிட்டாள். ஒரு மார்கழியில், இராப்பத்து ஆறாம் நாள், ஆறாம் பத்து சேவிக்கிற நாள், பெரியப்பா என்னைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். விரலில் சுண்ணாம்புத் தழும்பு காய்ந்திருந்தது. நான் ராஜகோபுரத்துப் பக்கம் கடையில் ஒரு கவுளி வெற்றிலையும் சீவலும் வாங்கி வந்து, உரலை எடுத்து, மாடியில் உட்கார்ந்து சத்தம் கேட்காமல் இடித்துக் கொடுத்தேன். பசித்தவனுக்குச் சோறு கொடுத்தேன் என்று என் வாதப்படி நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சோறு வாயைத் தின்பதில்லை. அன்று அவர் கூடத்துக்கு வந்து, திறக்காத வாயோடு அந்தப் பதிகம் முழுவதும் முணுமுணுத்தார், ஒரு சொல்லும் தப்பவில்லை. அதற்குப் பிறகும் பல தடவை வாங்கிக் கொடுத்தேன். 2006இல் கன்னத்தில் புண் ஆறாமல் நின்றது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். 2007 ஆடியில் போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்தன்று வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். தட்டை ஏந்திக்கொண்டு திண்ணையிலிருந்து ஒவ்வொருவராகப் போனேன். கோஷ்டியில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒருவன், இருபது வயசிருக்கும், பெரியப்பாவிடம் சந்தை சொன்னவன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பாக்கை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் அடுத்தவரிடம் தட்டை நீட்டினேன்.